லாரியின் முன் டயர் ஒரு பக்கம் தின்கிறதா? முதலில் கையால் தடவிப் பாருங்கள்

முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் உடனே சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்டுக்கு ஓடுகிறோம். நானும் இரண்டு முறை ஓடினேன். மூன்றாவது முறைதான் கிங்பின் (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) ஆடுவது தெரிந்தது. அதற்குள் ஒரு ஜோடி டயர் போயிருந்தது. அதனால் அலைன்மெண்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏர். வண்டி ஓடிவந்த சூட்டில் பார்க்காதீர்கள், டயர் ஆறட்டும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் ஏர் கூடுதல். இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு.

அடுத்து கை. பட்டன் (டயர் தரையில் படும் பகுதி) மேல் உள்ளங்கையை வைத்து வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாகத் தடவுங்கள், பிறகு திருப்பித் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம்போல் உறுத்தினால் டோ கோளாறு, அதாவது முன் சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கின்றன. உள்ளே போகும்போது வழவழப்பு, வெளியே வரும்போது உறுத்தல் என்றால் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். தலைகீழாக இருந்தால் டோ-அவுட் (முன்பக்கம் வெளிநோக்கி). டயருக்குள் இருக்கும் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அங்கங்கே குழிகுழியாக இருந்தால் வேறு கதை: ஷாக் அப்சார்பர், வீல் பேலன்ஸ், தளர்ந்த ஹப் பேரிங் (சக்கரம் சுழலும் நடுப்பகுதியின் பேரிங்).

இனி ஜாக்கி. பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முன் ஆக்சிலைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் குனியவே கூடாது. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் ஹப் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் கிங்பின், அதன் புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் வந்தால் டை ராட் எண்டை (இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு) பாருங்கள். ஆடுகிற பாகத்தை மாற்றாமல் செய்யும் அலைன்மெண்ட் அடுத்த பள்ளத்திலேயே கலைந்துவிடும்.

ஆட்டம் எதுவும் இல்லை என்றால் டேப்பை எடுங்கள். வண்டியைக் கீழே இறக்கி, சமதரையில் கொஞ்சம் முன்னால் ஓட்டி, ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். இரண்டு முன் டயரின் நடுவிலும், பின்புறத்தில் ஹப் உயரத்தில், சாக்பீஸால் குறி போட்டு இடைவெளியை அளங்கள். சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி வண்டியை முன்னால் தள்ளி, அதே குறிகள் முன்புறம் வந்ததும் மறுபடி அளங்கள். முன்புற அளவு குறைவாக இருந்தால் டோ-இன். எத்தனை மில்லிமீட்டர் இருக்கலாம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

டோ சரியாக இருந்தும் ஓரம் தின்றால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருப்பது), வளைந்த ஆக்சில். அது வீட்டில் பார்க்கிற வேலையில்லை.

தின்ற டயரைப் பின்னால் போடலாம். ஆனால் பக்கத்திலிருக்கும் ஜோடி டயரோடு உயரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் போடுங்கள்.