வயநாடு நிலச்சரிவை கம்ப்யூட்டர்ல படிக்கிறது எப்படி? ஆரம்பநிலை ஆளுங்களுக்கு

நிலச்சரிவுன்னு நியூஸ் வந்தா எல்லாரும் இடிஞ்ச வீட்டு போட்டோவைத்தான் பாக்குறோம், ஆனா மண்ணு ஏன் அந்த வழியா வந்துச்சுன்னு புரியணும்னா மலைச்சரிவையும் ஓடை போற பாதையையும் பாக்கணும். 2024 ஜூலை 30 விடியறதுக்குள்ள வயநாட்டுல நடந்ததை எடுத்துப்போம்.

முதல்ல கூகுள் எர்த் ப்ரோ (பூமியை 3டி மேப்பா காட்டுற சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்ணுங்க, ஃப்ரீதான். சூரல்மலைன்னு தேடுங்க, ஷிஃப்டை அமுக்கிட்டு மவுஸ் வீலை உருட்டுனா மலை நிமிந்து நிக்கும். அங்கேருந்து ஓடையைப் பிடிச்சு முண்டக்கை, புஞ்சிரிமட்டம்னு மேல ஏறுங்க. சரிவு ஆரம்பிச்ச இடம் சுமார் 1550 மீட்டர் உயரம், அங்கேருந்து 8 கிலோமீட்டர் கிட்ட மண்ணும் பாறையும் ஓடியிருக்கு.

இப்ப ஆட் பாத் (மேப்ல கோடு போடுற டூல்) எடுத்து, உச்சியிலேருந்து சூரல்மலை வரைக்கும் ஓடை வளையிற மாதிரியே க்ளிக் பண்ணிட்டு வாங்க. நேர்கோடா இழுத்துடாதீங்க, கணக்கே மாறிடும். சேவ் பண்ணிட்டு இடது பக்க லிஸ்ட்ல அதை ரைட் க்ளிக் பண்ணி ஷோ எலிவேஷன் ப்ரொஃபைல் குடுங்க. கீழ உங்க கோடு போற வழியில உயரம் எப்படி மாறுதுன்னு கிராஃப் வரும், அதுமேல மவுஸை நகர்த்துனா சரிவு சதவீதத்துல காட்டும், அது டிகிரி இல்ல, 100 சதவீதம்னா 45 டிகிரி. கிராஃப் செங்குத்தா விழுந்து சட்டுனு படுக்கிற இடத்தை நல்லா பாருங்க, வேகமா வந்தது பரவி கொட்டுறது அங்கதான், ஜனங்க வீடு கட்டத் தேடுற சமதளமும் அதுதான். வெள்ளார்மலை ஸ்கூலும் ஆத்தங்கரையிலதான் இருந்துச்சு.

அடுத்து மேல இருக்கிற கடிகார ஐகான், பழைய சாட்டிலைட் படங்களைக் காட்டும். அதை அமுக்கி வருஷத்தைப் பின்னாடி தள்ளி, உச்சியில மரமில்லாத தழும்பு ஏதாவது தெரியுதான்னு தேடுங்க. இதே இடத்துல முன்னாடியே ஒரு சரிவு நடந்திருக்குன்னு இஸ்ரோவோட தொலையுணர்வு மையமான என்ஆர்எஸ்சி பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. பழைய தழும்பைத் தேடுறதுதான் என்னைப் பொறுத்தவரை இதுல ரொம்ப முக்கியமான வேலை.

கடைசியா கோப்பர்நிகஸ் பிரவுசர்ங்கிற வெப்சைட்ல, சென்டினல்-2ங்கிற ஐரோப்பிய சாட்டிலைட் எடுத்த படம். மழைக்காலத்துல வெறும் மேகம்தான் தெரியும் (அதனாலதான் ஜூலை 31 அன்னிக்கு மேகத்தை ஊடுருவிப் பாக்குற ரிசாட் ரேடார் சாட்டிலைட்ல படம் எடுத்தாங்க), அதனால சரிவுக்கு முன்னாடி 2024 ஜனவரியில ஒரு படம், பின்னாடி 2025 ஜனவரியில ஒரு படம்னு ஒரே சீசன்ல எடுங்க. ஃபால்ஸ் கலர் (நிஜ நிறத்துக்குப் பதிலா வேற நிறத்துல காட்டுற ஆப்ஷன்) போட்டா செடிகொடி எல்லாம் சிவப்பா இருக்கும், மண்ணு ஓடுன பாதை மட்டும் சிவப்பில்லாம தனியாத் தெரியும். ஒரு பிக்சல் 10 மீட்டர், அதனால ஒத்தை வீடு தெரியாது, பாதையோட அகலம் நல்லாத் தெரியும். அதை உங்க கிராஃபோட வச்சுப் பாருங்க, சரிவு எங்க குறையுதோ அங்க பாதை அகலமாகுதான்னு. அப்புறம் 2019ல சரிஞ்ச புத்துமலை பக்கத்துலயேதான் இருக்கு, அங்கயும் ஒரு கோடு போட்டுப் பாருங்க.