மூலம் என்று முடிவுகட்டும் முன்: இளவயதினருக்கு ஒரு கொலோனோஸ்கோபி வழிகாட்டி

மதுரையில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கொலோனோஸ்கோபி பரிசோதனையில் பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் போகும்போது திரைக்குப் பக்கத்தில் நிற்பதும், வெட்டியெடுத்த சதைத் துணுக்கை ஃபார்மலின் குப்பியில் போட்டுப் பெயர் ஒட்டுவதும் என் வேலை. முப்பதுகளில் இருப்பவர்கள் அந்தக் கட்டிலில் வந்து படுக்கும்போது அவர்களுடைய பழைய சீட்டுகளைப் புரட்டினால் பல நேரம் ஒரே கதைதான். மாதக்கணக்கில் இரத்தம், மாதக்கணக்கில் மூலத்துக்குக் களிம்பு, உள்ளே பார்த்தவர் எவரும் இல்லை. அந்த மாதங்களைக் குறைக்க நீங்கள் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வயதானவர்களுக்கு வருவது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அமெரிக்கக் கணக்குப்படி, 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால் 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்கு. அமெரிக்க நடிகர் சாட்விக் போஸ்மன் இந்த நோயால் 2020-இல் இறந்தபோது அவருக்கு வயது 43. வழக்கமான பரிசோதனையைத் தொடங்கும் வயதை அங்கே 2021-இல் 50-லிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். ஆனால் இந்த 45 எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குச் சொன்னது. அறிகுறி இருப்பவருக்கு வயது வரம்பே கிடையாது. 24 வயதானாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்தே ஆக வேண்டும். நம் நாட்டில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்குத்தான். குடலைப் பரிசோதிக்க வாருங்கள் என்று உங்களை யாரும் அழைக்கப் போவதில்லை. நீங்களாகத்தான் போக வேண்டும்.

2023-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 50 வயதுக்குள் இந்த நோய் வந்தவர்களிடம், நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு முன்பே நான்கு அறிகுறிகள் தென்பட்டிருந்ததைக் காட்டியது: வயிற்று வலி, மலத்தோடு இரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. கடைசியில் சொன்னதைத்தான் நம் வீடுகளில் யாரும் குடலோடு சேர்த்து நினைப்பதில்லை. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் மாதவிலக்கின் மீது பழி போடுகிறோம். ஆணுக்குக் குறைந்தால் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்கிறோம். இளவயது ஆணுக்குக் காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைகிறது என்றால், மாத்திரை தொடங்கும் முன்பே இரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். இவை தவிர, மலம் வழக்கத்தைவிட மெலிந்து போவது, கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த பிறகும் இன்னும் போக வேண்டும் போலவே இருப்பது, சளி கலந்து வருவது ஆகியவையும் நாள்கணக்கில் நீடித்தால் கவனிக்க வேண்டியவை.

பளிச்சென்று சிவப்பாக வந்தால் மூலம்தான் என்று துணிந்து சொல்பவர்கள் உண்டு. மலக்குடலில் இருக்கும் கட்டியிலிருந்தும் அதே சிவப்பில்தான் இரத்தம் வரும். மூலமும் கட்டியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கவும் செய்யலாம். பிரசவத்துக்குப் பிறகு வரும் இரத்தத்தை மூலம் என்று ஒதுக்கிவிடும் பெண்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது 'சூட்டினால் வருகிறது போலிருக்கிறது' என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். பல நோயாளிகள் கூச்சத்தில் இப்படி ஆரம்பிக்கிறார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: 'ஆறு வாரமாக வாரத்தில் மூன்று நாள் இரத்தம் வருகிறது. மலத்தோடு கலந்தும் வருகிறது. எடை குறைந்திருக்கிறது. என் அப்பாவுக்கு 48 வயதில் குடல் புற்றுநோய்.' இந்த நான்கு வரியைத் தாளில் எழுதிக்கொண்டு போனாலும் தவறில்லை. டாக்டர் விரலை உள்ளே விட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்றால் சம்மதியுங்கள். கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டிகளை அந்த ஒரு நிமிடத்திலேயே தொட்டுணர முடியும். அவராகச் செய்யாவிட்டால் நீங்கள் கேளுங்கள். சிகிச்சை எடுத்து இரண்டு, மூன்று வாரத்தில் நிற்காத இரத்தத்துக்கு அதே களிம்பை மறுபடியும் எழுதித் தந்தால், 'உள்ளே பார்த்துவிடலாமா?' என்று மரியாதையாகவே கேட்டுவிடலாம். இரத்தத்தில் சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவு சரியாக இருக்கிறது, ஆகவே பயமில்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும் பரிசோதனை அல்ல அது. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இரைப்பை குடல் பிரிவுகளில் கொலோனோஸ்கோபி செய்கிறார்கள்.

இனி, பரிசோதனைக்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்வது. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. எவ்வளவு கைதேர்ந்த டாக்டராக இருந்தாலும் மலம் மூடிய சுவரில் பாலிப்பை, அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியை, காண முடியாது. ஐந்து மில்லிமீட்டர் பாலிப்பை மறைக்க ஒரு தக்காளித் தோல் போதும். கொய்யா விதைகள் உறிஞ்சு குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்கவே நேரம் போய்விடும்.

எனவே மூன்று நாள் முன்பிருந்தே கீரை, முருங்கை, கத்தரி, வெண்டை, கொய்யா, மாதுளை, கேழ்வரகு, சுண்டல், வேர்க்கடலை, எள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இட்லி, தோசை, வெள்ளைச் சோறு, தயிர், முட்டை, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு சாப்பிடலாம். கடுகு, மிளகாய் விதை உள்ள தாளிப்பு வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். அது மலத்தைக் கறுப்பாக, பசையாக ஆக்கிவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது, தொடரவும் கூடாது. நாள் குறிக்கும்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முந்தைய நாள் பெரும்பாலான இடங்களில் தெளிந்த நீராகாரம் மட்டும்தான். வழுக்கை இல்லாத இளநீர், வடிகட்டிய ரசம், பால் சேர்க்காத தேநீர், தெளிந்த ஆப்பிள் சாறு குடிக்கலாம். மோர் தெளிந்த நீரில் சேராது. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டாம். பீட்ரூட் சாறும் திராட்சைச் சாறும் திரையில் இரத்தம் போலவே தெரியும்.

பேதி மருந்தாக நம் ஊரில் அதிகம் தருவது இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள். முழுவதையும் முந்தைய இரவே குடித்து முடிப்பதைவிட, பாதியை இரவிலும் மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பாகவும் குடிக்கத் தொடங்கினால் குடல் நன்றாகச் சுத்தமாகும். பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். குளிர வைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளராகக் குடியுங்கள். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, நடந்துவிட்டுத் தொடருங்கள். ஆசனவாய் எரியும், முதல் முறை போவதற்கு முன்பே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கடைசியில் வெளியேறுவது சிறுநீர் போல இளமஞ்சளாக, கசடில்லாமல் இருக்க வேண்டும். பழுப்பாகவோ கலங்கலாகவோ வந்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லிவிடுங்கள், இன்னும் மருந்து தருவோம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் படுத்துக்கொண்டால் பரிசோதனையையே இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

பரிசோதனையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடது பக்கமாகப் படுக்க வைப்போம், தூக்க மருந்து ஏற்றுவோம், பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். துணைக்கு ஓர் ஆள் கட்டாயம். அன்று வண்டி ஓட்டக் கூடாது. பாலிப் இருந்தால் அப்போதே மெல்லிய கம்பிச் சுருக்கை அதன் அடியில் மாட்டி இறுக்கி அறுத்தெடுப்பார்கள். குடலின் உட்சுவருக்கு வெட்டும் வலி தெரியாது. பாலிப் அகற்றியவர்களுக்கு இரண்டு வாரம் வரைகூட இரத்தக்கசிவு வரலாம். கட்டிகட்டியாக இரத்தம், தாங்க முடியாத வயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் 'நார்மல்' என்ற சொல்லோடு மூடிவிடாதீர்கள். குழாய் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போனதா, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்ற இரண்டும் எழுதியிருக்க வேண்டும். சுத்தத்துக்கு பாஸ்டன் அளவுகோலில் குடலின் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 9-க்கு மதிப்பெண் தருவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 2 இருக்க வேண்டும். பாலிப் எடுத்திருந்தால் திசுப் பரிசோதனை முடிவு சில நாள் கழித்துத் தனியாக வரும். அதை வாங்கவே வராதவர்கள் இருக்கிறார்கள், எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்கிறது. அடினோமா வகைப் பாலிப் புற்றாக மாறக்கூடியது, ஆனால் பெரும்பாலும் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சுத்தமான குடலில் முழுப் பரிசோதனை நடந்து, ஒன்றிரண்டு சிறிய சாதாரண அடினோமாக்கள் மட்டும் இருந்து அகற்றப்பட்டிருந்தால் 7 முதல் 10 ஆண்டுகளில் மறுபடி பார்த்தால் போதும் என்பது 2020-இல் வந்த அமெரிக்கப் பரிந்துரை. ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் 3 ஆண்டு. எண்ணிக்கை பத்துக்கு மேல் இருந்தால் ஓர் ஆண்டு. குடும்பத்தில் நோய் இருந்தால் இந்தக் கணக்கு மாறலாம், உங்கள் டாக்டரிடம் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முடிவு புற்றுநோய் என்று வந்தால், சிகிச்சை தொடங்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கட்டித் திசுவில் எம்எம்ஆர் (மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள்) பரிசோதனை செய்தாயிற்றா? பரம்பரையாக வந்து குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் லிஞ்ச் குறைபாடு இருக்கிறதா என்பதற்கு அது முதல் தடயம்; மருந்துத் தேர்வும் அதனால் மாறக்கூடும். பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிக்க வழி உண்டா? கதிர்வீச்சு தொடங்கிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை.

அடுத்து உடன்பிறந்தவர்கள். பெற்றோருக்கோ அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பாக, இரண்டில் எது முந்தியதோ அப்போது முதல் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். அக்காவுக்கு 38-இல் என்றால் தம்பிக்கு 28-இல். லிஞ்ச் குறைபாடு உறுதியான குடும்பங்களில் 20 முதல் 25 வயதுக்குள்ளேயே தொடங்கி, ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதை மூடி வைக்கிறார்கள். வெளியில் யாருக்கும் சொல்ல வேண்டாம். உங்கள் அறிக்கையின் நகலைத் தம்பியின் கையில் கொடுத்து, அவர் போக வேண்டிய ஆண்டையும் அதன் மேலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.