வலி நின்றதும் ரூட் கேனாலைப் பாதியில் விடாதீர்கள்

தீபாவளி முடிந்த வாரம் கிளினிக்கில் பெரும்பாலும் ஒரே கதைதான். முறுக்கைக் கடித்தேன், டக்கென்று சத்தம் கேட்டது, பல் பிளந்துவிட்டது என்று வருவார்கள். வாயைத் திறந்து பார்த்தால், ரூட் கேனால் ஆரம்பித்துப் பாதியில் விட்ட கடைவாய்ப்பல். இரண்டு வேளை பல் துலக்குங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். பலர் செய்யும் தவறுகளையும் தவறாக நம்புவதையும் மட்டும் சொல்கிறேன்.

வலி போனதும் வராமல் இருப்பது

முதல் சிட்டிங்கிலேயே பல்லைத் திறந்து அழுகிய கூழை (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் சதை) எடுத்துவிடுவோம். உள்ளே இருந்த அழுத்தம் வடிந்துவிடும், அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும். சரியாகிவிட்டது என்று நினைப்பது அங்கேதான். ஆனால் வேரின் கால்வாய்களுக்குள் கிருமி அப்படியே இருக்கிறது. மேல் கடைவாய்ப்பல்லில் பல பேருக்கு நான்கு கால்வாய்கள் உண்டு. ஒவ்வொன்றையும் ஃபைல் என்ற மெல்லிய அரம் போட்டுச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்து அடைக்க வேண்டும். அதுவரை மேலே இருப்பது தற்காலிக சிமென்ட். சில வாரங்களில் அது தேய்ந்து கசியும், எச்சில் இறங்கும், மறுபடி சீழ் பிடிக்கும்.

அடைத்து முடித்தவர்களும் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். சொத்தையும் நாங்கள் போட்ட துளையும் போக, அந்தப் பல்லில் மிஞ்சுவது மெல்லிய சுவர்கள்தான். தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, "பொண்ணு கல்யாணம் முடியட்டும் டாக்டர்" என்று போனார். திரும்பி வந்தபோது விரிசலில் கருவியை வைத்து லேசாக நெம்பினேன். பல்லின் இரண்டு பாதியும் தனித்தனியாக அசைந்தன. விரிசல் வேர்வரை போயிருந்தது, பிடுங்குவதைத் தவிர வழியில்லை. இனி இம்ப்ளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) என்றால் கேப்பைவிடப் பல மடங்கு செலவு. பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) என்றால் பக்கத்தில் இருக்கும் இரண்டு நல்ல பல்லையும் அராவ வேண்டும். காப்பாற்றி வைத்த பல் இப்படிப் போவதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

பணம்தான் பிரச்சினை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். உலோக கேப் விலை குறைவு, கடைவாய்க்கு நன்றாக உழைக்கும். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செலவு மிகக் குறைவு.

மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது

செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை அங்கே போய்ச் சேராது.

பல் எடுத்த அன்றைக்கே கொப்பளிப்பது

கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும்; இரண்டு மூன்று நாளில் காது வரை தெறிக்கும் வலி வரும். 24 மணி நேரம் ஸ்ட்ரா, சிகரெட், வேகமாகத் துப்புவது எதுவும் வேண்டாம்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது

ஆட வைப்பது க்ளீனிங் இல்லை, பல்லில் இறுகிப் படிந்த காரைதான்.

ஆறு வயதுப் பல்லைப் பால்பல் என்று விடுவது

ஆறு வயதில் வரும் கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அது நிரந்தரப் பல். சொத்தையானால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது. பிள்ளைக்கு ஆறு, ஏழு வயதில் டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளங்கள் ஆழமாக இருந்தால் சீலன்ட் (பள்ளத்தை மூடும் பூச்சு) போடச் சொல்லுங்கள், ஊசிகூடத் தேவைப்படாது.