மெய்நிகர் இயந்திரத்தின் புரொசெசரை எந்தக் கோரில் இருத்துவது?

ஹட்டனில் நான் கணினி கற்பிக்கும் சிறிய வகுப்பில், நான்கு கோர்களும் (புரொசெசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) எட்டுத் திரெட்களும் (ஒரு கோருக்கு இரண்டு வீதம்; லினக்ஸ் ஒவ்வொன்றையும் ஒரு சிபியூவாக எண்ணும்) கொண்ட பழைய இன்டெல் கணினி ஒன்றில் லினக்ஸும் கேவிஎம்மும் நிறுவி, மாணவர் பயிற்சிக்கு ஒன்றும் கோப்புச் சேவையகத்துக்கு ஒன்றுமாக இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை, ஓட்டுகிறோம். அவற்றை ஓட்ட உதவும் லினக்ஸின் வசதிதான் கேவிஎம். அவற்றின் புரொசெசர்களை உண்மையான கோர்களில் இருத்திய விதத்தைக் கீழே தருகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

கேவிஎம்மில் ஒவ்வொரு மெய்நிகர் புரொசெசரும் லினக்ஸ் ஓட்டும் ஒரு மென்பொருள் இழைதான். தேயிலைத் தோட்டத்தில் கங்காணி ஆட்களுக்குக் கொழுந்து பறிக்கும் நிரை பிரித்துக் கொடுப்பதைப் போல, எந்த இழை எங்கே ஓட வேண்டும் என்பதை லினக்ஸின் ஷெட்யூலர் தீர்மானிக்கிறது. கணினியில் வேலை குறைவென்றால் அதை அதன் போக்கில் விடுவதே நல்லது. நெருக்கடி கூடும்போதுதான் இழைகள் கோர் விட்டுக் கோர் தாவி, முந்தைய கோரின் கேஷில் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) சேர்ந்திருந்த தரவை இழக்கின்றன.

முதற்படியாக, 'எல்எஸ்சிபியூ -ஈ' என்று கொடுத்து, சிபியூ, கோர் என்ற இரண்டு நிரல்களைப் பாருங்கள். எங்கள் கணினியில் சிபியூ 0, 4 இரண்டுக்கும் நேராகக் கோர் 0 என்றும், 1, 5 இரண்டுக்கும் நேராகக் கோர் 1 என்றும் இருந்தது. 2, 6 அடுத்த சோடி, 3, 7 கடைசிச் சோடி. சில கணினிகளில் 0, 1 என அடுத்தடுத்த எண்களே சோடியாக வரும் என்பதால், என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைப் பாராமல்தான் நான் முதலில் பயிற்சி இயந்திரத்தின் இரண்டு புரொசெசர்களையும் 2, 6 இல் இருத்திவிட்டு, ஏன் இப்படி ஊர்கிறது என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். ஒரே கோரின் இரண்டு திரெட்களும் கணக்கிடும் உறுப்புகளையும் கேஷையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே நிரையில் இருவரை விட்டால் கொழுந்து இரட்டிப்பாகாது.

அடுத்து, மெய்நிகர் இயந்திரங்களைக் கையாளும் விர்ஷ் என்ற கட்டளையால், பயிற்சி என்று பெயரிட்ட இயந்திரத்துக்கு, 'விர்ஷ் விசிபியூபின் பயிற்சி 0 2' என்றும், பின்னர் 'விர்ஷ் விசிபியூபின் பயிற்சி 1 3' என்றும் கொடுங்கள். முதல் எண் மெய்நிகர் புரொசெசரையும், இரண்டாவது எண் உண்மையான சிபியூவையும் குறிக்கும். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் '--லைவ் --கான்ஃபிக்' சேர்த்தால், மாற்றம் உடனே நடைமுறைக்கு வருவதோடு மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்கும்.

சரிபார்க்க, 'விர்ஷ் விசிபியூஇன்ஃபோ பயிற்சி' போதும். எந்தெந்தச் சிபியூவில் ஓடலாம் என்று காட்டும், எட்டு இடங்கள் கொண்ட அஃபினிட்டி வரியில், முதல் புரொசெசருக்கு மூன்றாம் இடத்தில் மட்டும் 'ஒய்' எழுத்தும் மற்ற இடங்களில் சிறுகோடும் தெரிய வேண்டும். எண்ணிக்கை 0 இலிருந்து தொடங்குவதால் மூன்றாம் இடமே சிபியூ 2.

இப்படி இருத்துவதால் அந்தக் கோர் நமக்கே ஒதுக்கப்பட்டுவிடாது. மற்ற இழைகளும் அங்கே வரலாம். ஆகவே ஒரே புரொசெசர் கொண்ட கோப்புச் சேவையகத்தை '1,5' என்ற பட்டியலுக்குள் அடக்கிவிட்டு, கோர் 0 ஐ லினக்ஸின் சொந்த வேலைகளுக்கு விட்டிருக்கிறோம்.