பச்சிளம் குழந்தையின் அனிச்சைச் செயல்களை வீட்டில் கவனிப்பது எப்படி?

பிறந்த குழந்தைக்கு யாரும் சொல்லித் தராமலே சில அசைவுகள் வரும். அவற்றைப் புரிந்துகொண்டால் பால் கொடுப்பதும் படுக்க வைப்பதும் சுலபமாகும்.

முதலில் நேரம் பாருங்கள். அசந்து தூங்கும்போதும் வீறிட்டு அழும்போதும் எதுவும் சரியாகத் தெரியாது. விழித்து அமைதியாக இருக்கும்போது, கை கழுவிவிட்டு, குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

இப்போது வாயோரத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். தொட்ட பக்கம் தலை திரும்பும், வாய் திறக்கும். பால் கொடுக்க உங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி இதுதான். தலையை இரு கன்னத்தோடும் பிடித்து மார்பில் அழுத்தினால் எந்தப் பக்கம் திரும்புவதென்று குழந்தை தடுமாறும். முதுகையும் தோளையும் தாங்கிக்கொண்டு, மேலுதட்டில் காம்பு படும்படி பிடியுங்கள். வாய் அகலத் திறக்கும்வரை பொறுங்கள். திறந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள். தாடை மார்பில் பதிந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகிவிடும். குறைமாதக் குழந்தைக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் வரும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் ஒழுங்கு கருவின் 34 வாரம் வாக்கில்தான் கைகூடுகிறது.

அடுத்து, உள்ளங்கையில் உங்கள் விரலை வையுங்கள். இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை நம்பித் தூக்கிப் பார்க்காதீர்கள். குதிகாலிலிருந்து பாதத்தின் வெளியோரமாகக் கோடு இழுத்தால் கட்டைவிரல் மேலே நிமிரும், மற்ற விரல்கள் விரியும். பெரியவர்களுக்கு இப்படி வந்தால் நரம்புக் கோளாறு, 2 வயதுக்குள் இயல்பு.

தூக்கிவாரிப் போடுவதைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் கலங்குகிறார்கள். ‘பயந்திருக்கு’ என்று திருநீறு பூசுவார்கள். பயமில்லை, தலை சட்டென்று தாழ்ந்தாலோ பலத்த சத்தம் கேட்டாலோ கைகள் விரிந்து மறுபடி கூடும். டிஸ்சார்ஜ் தாளில் ‘மோரோ’ என்று இருப்பது இதுதான். 1918-இல் இதை விவரித்த எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை மருத்துவரின் பெயர். இதைச் சோதிக்கத் தலையைத் தாழவிட்டுப் பார்க்கக் கூடாது, அது டாக்டரின் வேலை. படுக்க வைக்கும்போது முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை என்று இறக்கி, நெஞ்சில் சற்று நேரம் கை வைத்திருங்கள். திடுக்கிடுவது குறையும்.

ஒரு கை மட்டும் விரிந்தால் பிரசவத்தில் காறை எலும்போ தோள் நரம்போ அடிபட்டிருக்கலாம். உடனே காட்டுங்கள். 6 மாதம் தாண்டியும் தூக்கிவாரிப் போட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தத் தூண்டுதலும் இல்லாமல், குறிப்பாகத் தூங்கி எழுந்ததும், அடுத்தடுத்து உடம்பு வெட்டி வெட்டி மடங்கினால் அது வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.