மூணாறு லயத்திலிருந்து மக்களடர்த்தி பார்ப்பது எப்படி?

ஆள் கணக்கைப் பரப்பளவால் வகுத்தால் மக்களடர்த்தி. 2011 கணக்கெடுப்பின்படி, மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் 11 லட்சத்துச் சொச்சம் பேர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 255. கேரளச் சராசரியோ 860. சரி, அப்படியானால் நாங்கள் தாராளமாக வாழ்கிறோமா? நான் பிறந்த எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பம். குக்கர் விசிலடித்தால் எந்த வீட்டுடையது என்று அம்மா எழுந்து போய்த்தான் பார்ப்பார்.

அதனால் வகுத்ததோடு நிறுத்தாதீர்கள். வரைபடத்தில் முதலில் காட்டைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அப்புறம் அணைகளின் நீர்ப்பரப்பு, செங்குத்துச் சரிவு, தேயிலைச் செடி நிற்கும் இடம். மிச்சத்தில் ரோடும் தண்ணீரும் வேலையும் சேர்கிற இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். மூணாறுப் பக்கம் லயங்களும் கடைத்தெருவும்தான் கறுக்கும். சுற்றிலும் தாள் வெள்ளையாகவே கிடக்கும்.