இறங்கும் நாளுக்குப் பூங்கா டிக்கெட் வேண்டாம்

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு முதன்முறை போகிறவர்கள், விமானம் இறங்கும் நாளுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். தொடக்கத் தேதியாக மறுநாளையே கொடுங்கள்.

அங்கே டிக்கெட் நாள் கணக்கு, மணிக் கணக்கு அல்ல. மாலை 5 மணிக்கு உள்ளே நுழைந்தாலும் ஒரு முழு நாள் கழிந்துவிடும். குடியேற்றச் சோதனை, பெட்டி, அறைச்சாவி என்று எல்லாம் முடிவதற்குள் பாதி நாள் போயிருக்கும். பிள்ளைகள் வரிசையில் நின்றபடியே தூங்கி விழுவார்கள். அன்றைக்கு ஹோட்டல் நீச்சல் குளம் போதும். அப்புறம் தெம்பிருந்தால் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதிக்கு ஒரு நடை. நுழைவுக் கட்டணம் கிடையாது, டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு பஸ்சும் இலவசம். சீக்கிரம் படுத்தால் மறுநாள் பூங்கா திறக்கும்போதே வாசலில் நிற்கலாம். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை குறைவாக இருக்கும்.

காலையிலேயே இறங்குகிறீர்கள், கையில் இரண்டு மூன்று நாள்தான் என்றால் இது பொருந்தாது. நீண்ட நாள் டிக்கெட்டில் ஒரு நாளைக் குறைப்பதால் மிச்சமாகும் பணமும் சற்றுக் குறைவுதான். நாள் கூடக் கூட, கூடுதல் நாளுக்கு ஆகும் விலை இறங்கும். அங்குள்ள பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் ஹாலோவீன் இரவு விருந்துக்குப் போவதென்றாலும் கணக்கு வேறு. அதற்குத் தனி டிக்கெட். 7 மணி விருந்துக்கு மாலை 4 மணியிலிருந்தே உள்ளே விடுவார்கள். இறங்கிய நாளிலேயே போகும் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.